நாம் பாதி பாதியாய்ச் சொன்ன வினைச்சொல்

இன்று காலை கித்துல்கல ஆற்றங்கரையில் படகுச் சவாரிக்கான உயிர்காப்பு அங்கிகளைக் காயப் போட்டிருந்தார்கள். அந்த ஈர வாடை பட்டதும் உன் நினைவு வந்துவிட்டது. முதல் நாள் படகு வேலை முடிந்து தோட்டத்து லய வீட்டுக்கு வந்தபோது உன் உடுப்பெல்லாம் இதே வாடைதான். உன் அம்மா மூக்கைச் சுளித்தபடியே பெருமையில் அழுதார்.

இங்கே ஓட்டலில் பிரெஞ்சு தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கேகாலைச் சந்தையில் ஒரு பழைய இலக்கணப் புத்தகம் வாங்கினாய். புளத்கொகுபிட்டிய மலையில் தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான். கொழுந்து எடுத்துக்கொண்டே வினைச்சொல்லை இரண்டாக்கினோம். நீ 'பார்லெர்' என்பாய், நான் 'ஓன்' என்று முடிப்பேன்; சேர்த்தால் 'பேசுவோம்'. வாய்க்கு அது பார்-லெ-ரோன். அர்த்தத்துக்கு பார்ல்-எர்-ஓன். நம் 'பேசுவோம்' மாதிரியேதான்: வாய்க்கு பே-சு-வோம், அர்த்தத்துக்கு பேசு-வ்-ஓம். "அவங்களும் நம்மள மாதிரிதான்டி, ஆள் யாருன்னு கடைசியில ஒட்டி வைக்கிறாங்க" என்று கண்டுபிடித்தவள் நீ. வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்கு இதெல்லாம் ஏறவில்லை. "குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீரா?" என்பார்.

நேர்முகத்துக்குப் போனபோது எல்லாரும் ஒரே புத்திதான் சொன்னார்கள்: தோட்டம் என்று வாய் திறக்காதே, கேகாலை என்று சொல். தோட்டத்துப் பிள்ளை என்றால் சமையல்கட்டுக்குத்தான் அனுப்புவார்கள் என்று நீயும் பயந்தாய். மெனேஜர் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு அம்மா உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வினைச்சொல்லைக் கேட்க, நீ வழக்கம்போலப் பாதி சொல்லிவிட்டு நின்றாய். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் என்னையும் விடவில்லை. வெளியில் இருந்தபடியே மீதியைச் சத்தமாகச் சொல்லி முடித்தேன்.

மெனேஜர் கோபமாக யார் அது என்று சிங்களத்தில் கேட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். நீ பொய் சொல்லவில்லை. எங்கள் தோட்டம், எங்கள் லயம், கொழுந்து எடுக்கும்போது இப்படித்தான் படித்தோம் என்று நல்ல சிங்களத்தில் சொன்னாய். பிறகு கதவுப் பக்கம் திரும்பினாய்.

"உள்ள வாடி. மொதல்ல இருந்து சொல்லுவோம்."

சொன்னோம். கூடை முதுகில் இருப்பதுபோலவே, எதிரெதிராக நின்று, ஒரு தடுமாற்றமில்லாமல். அந்த அம்மா எழுந்து நின்று கை தட்டினார். உனக்கு வழிகாட்டி வேலை கிடைத்தது. அடுத்த சுற்றுலாப் பருவத்தில் எனக்கும். நம் மலையிலிருந்து அதற்கு முன் யாரும் அந்த வேலைக்கு வந்ததில்லை.

காய்ச்சலுக்கு உன்னைப் பறிகொடுத்துவிட்டு நான் மட்டும் இங்கே நிற்கிறேன். பிரெஞ்சை எங்கே படித்தாய் என்று விருந்தினர்கள் கேட்பார்கள். தேயிலை மலையில் என்று நிமிர்ந்து சொல்வேன். ஆனால் 'நான் படித்தேன்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'நாங்கள் படித்தோம்' என்பேன். இன்னொருவர் எங்கே என்று சிலர் சுற்றிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.