மதுரை வழியாக வந்த மாமன்

ஆவணி, சனிக்கிழமை இரவு.

நாளைக் காலை நார்த்தாமலை மாரியம்மன் கோயிலில் என் மகளுக்குக் காதுகுத்து. மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், என் தம்பி குமார், மதியம் மும்பை ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்தான்.

“அக்கா, திருச்சி பிளைட்டு கேன்சலாம். டிக்கெட் காசைத் திருப்பித் தாரோம்னு மெசேஜ் வந்திருக்கு. சரின்னு அமுக்கிடவா?”

“அமுக்காதடா. காசை வாங்கிட்டா ஒன்னையக் கொண்டாந்து விடுற வேலை அவுங்களுக்கு முடிஞ்சுபோகும். காசா, வேற பிளைட்டாங்கிறது நம்ம இஷ்டம்னு பேப்பர்ல படிச்சேன். கவுண்டர்ல போயிக் கேளு.”

பக்கத்தில் இவர் சிரித்தார். “ஒன் தம்பி வரலைன்னா நான் மடியில வச்சுக்கிறேன்.”

“அப்பன் மடியில வச்சுக் குத்துனா ஊரு சிரிக்கும்ங்க.”

திருச்சிக்கு நாளை மாலைதான் விமானம் என்று கவுண்டரில் சொன்னார்களாம். அப்படியானால் மதுரைக்குக் கேள் என்றேன். கேட்டான். கூடுதல் காசு வாங்காமல் இன்றைக்கே இடம் கொடுத்துவிட்டார்கள். ஆத்தா முத்துமாரி, அப்போதிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சிரித்த மனுசரே கார் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனார்.

இப்போதுதான் குமார் பேசினான்.

“திருமயம் தாண்டிட்டோம்க்கா. மச்சானுக்குப் பசிக்குதாம், தோசைக்கல்லைப் போடு.”