ஆறினால் பச்சை

கண்ணு,

இன்று காலை குளித்துவிட்டு வந்து மாடத்தில் கைவைத்தேன். உன் கண்ணாடிக் குப்பி பனியில் ஜில்லென்று கிடந்தது. நீ விட்டுப்போன ஊதா டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். பச்சை.

சேலத்துக் காலேஜில் நீயே செய்து முதன்முதலாக அதைக் கொண்டுவந்தபோது, சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே எடுத்துக் காட்டினாய். வீட்டுக்கு வந்து, மிளகு மூட்டை போடும் இருட்டறைக்குள் கூட்டிப்போய் டார்ச் அடித்தாய். குப்பிக்குள் இருந்த வெறும் வெள்ளைப் பொடி, பச்சை விளக்கு மாதிரி எரிந்தது.

"இப்ப கையில மூடிக்கோ அம்மாயி."

மூடித் திறந்தேன். மஞ்சள்!

"சூடு பட்டா நிறம் மாறும். ஆறுனா பழையபடி பச்சை. இது கல்லு இல்ல, உலோகம் இல்ல. மொளகுல இருக்கற கரிதான் இதுலயும் இருக்குது."

"எதுக்கு சாமி ஆவும்?"

"ஒருநா காய்ச்சல் பாக்கக்கூட ஆவும்."

அந்தக் காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோயிற்று. ஆம்புலன்ஸ் உன்னை மலையேற்றிக் கொண்டுவந்த அன்று, உன் பையைக் கொட்டியபோது குப்பி உருண்டது. பக்கத்து ஊட்டுக்காரி அலறினாள். "ஐயோ, பூச்சி மருந்து!"

ஊர்ப் பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மறைக்காதீங்கம்மா. புள்ள மருந்து குடிச்சிருச்சா?"

"காய்ச்சலுங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்குது."

"சீட்டு கெடக்குதுங்க. அதுல என்ன வேணா எழுதுவாங்க."

உனக்குத் தெரியும், மருந்து குடித்துப் போனவர்களை நம் ஊரில் முன்னோர் பக்கத்தில் புதைக்க மாட்டார்கள். ஓடைக்கு அந்தப்பக்கம், பேர் சொல்ல ஆளில்லாமல் கிடக்க வேண்டும்.

நான் அழவில்லை. அவரை இருட்டறைக்குள் இழுத்துப்போய் டார்ச் அடித்தேன்.

"பூச்சி மருந்து இப்படி எரியுமா? புடிங்க. நல்லா மூடுங்க. இப்பத் தொறங்க."

அவர் உள்ளங்கையில் மஞ்சள் பூத்தது.

"எம் பேத்தி செஞ்சதுங்க. நான் அஞ்சாவதுதான். எனக்கே வெளங்குது, உங்களுக்கு வெளங்கலீங்களா?"

வெளியே போய்ச் சொன்னார்: "டேய், அவ அப்புச்சி பக்கத்துலயே குழி வெட்டுங்கடா."

உன் தாத்தா பக்கத்தில் இடம் வாங்கி ஜெயித்துவிட்டேன் என்றுதான் உள்ளே வந்தேன். உன்னைக் குளிப்பாட்டக் கூப்பிடும்வரை நாம் இரண்டு பேர்தான். என்ன தோன்றியதோ, ஆறிப்போயிருந்த குப்பியை உன் கைக்குள் வைத்து விரல்களை மடக்கினேன். அந்த விரல்களை மடக்கவே பாடுபட்டேன். பொறுத்துப் பிரித்து டார்ச் அடித்தேன்.

பச்சை.

ஊரார் கையில் மாறியது, உன் கையில் மாறவில்லை. அப்போதுதான் அழுதேன்.

இதோ, ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் குப்பியை எடுத்து இடுப்பில் சொருகிவிட்டேன். குளிக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஆற விடுவதில்லை, கண்ணு.

உன் அம்மாயி