நாக்குக்கு அடியில் தேடியவன்

இன்று காலை சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. பார்த்ததும் உன் நினைவுதான் வந்தது. நீ அன்று விழுங்கிய, சிறுநீரைச் சிவக்க வைக்கும் அதே காசநோய் மாத்திரையை இப்போது நான் விழுங்குகிறேன்.

கோலார் தங்க வயலில் சுரங்கம் ஓடிய காலம். மருந்தகத்தில் மாத்திரை கொடுப்பவன் நான். ஷிப்ட் முடிந்து மேலே வரும் உன்னை, தங்கம் ஒளித்திருக்கிறாயா என்று வாசல் கேட்டில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அங்கிருந்து நேரே என்னிடம் வருவாய். நானும் திறக்கச் சொல்வேன். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கினாயா என்று நாக்கைத் தூக்கச் சொல்லித் தேடுவேன்.

“அவன் தங்கத்தத் தேடுறான். நீ இன்னாத்தடா தேடுறே?” என்பாய்.

மாத்திரைகள் முடிந்தன; சளியில் கிருமி இல்லை என்றார்கள். அடுத்த ஆண்டே இருமல் திரும்பியது. என்னை ஏமாற்றி நீ மாத்திரையைத் துப்பிவிட்டாய் என்றேன். “ஒண்ணுக்கு செவப்பாத்தான்டா போச்சு” என்றாய். பீட்ரூட் தின்றிருப்பாய் என்றேன். எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. அதோடு நின்றேனா? உன் மனைவியிடமும் போய்ச் சொன்னேன். சுரங்கம் மூடிய ஆண்டில் நீயும் போய்விட்டாய்.

பெங்களூரில் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் உன் மகள் போன வாரம் என்னைப் பார்க்க வந்தாள். அவள் சொன்னது இது: சில கிருமிகள் தமக்குள்ளேயே ஒரு நஞ்சையும் அதற்கு முறிமருந்தையும் செய்து வைத்திருக்குமாம். முறிமருந்து நஞ்சைக் கட்டிப்போடும். இரண்டையும் உண்டாக்கும் மரபணுவையும் அதுவே அடக்கி வைக்கும். நெருக்கடி வந்தால் முதலில் அழிவது முறிமருந்துதான். அவிழ்ந்த நஞ்சு கிருமியை மந்தமாக்கி முடக்கிப் போட்டுவிடும். மருந்து பெருகுகிற கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். முடங்கிக் கிடப்பது தப்பித்து, பிறகு எழுந்துகொள்ளுமாம்.

“அப்பா ஒழுங்கா முழுங்கியும் நோய் திரும்பி வந்திருக்கலாம், மாமா.”

“நிச்சயமா?”

“நிச்சயமா சொல்ல முடியாது. இன்னும் ஆராய்ஞ்சிக்கினுதான் இருக்காங்க.”

அவளுக்கு இருந்த அந்தத் தயக்கம் அன்று எனக்கு இல்லையே என்று வெட்கமாக இருந்தது. மறுநாளே உன் மனைவியிடம் போய், தப்பு என்னுடையது என்றேன்.

“கடைசி நாளு மாத்திரய முழுங்கிட்டு, எங்கிட்ட வாயத் தொறந்து காட்டுனாருங்க. நான் மூஞ்சியத் திருப்பிக்கினேன்” என்றார்.

எனக்கு மாத்திரை கொடுக்கும் நர்ஸ் பெண் வாயைப் பார்ப்பதே இல்லை, நம்பிவிடுகிறாள். நான்தான் தினமும் விழுங்கியதும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். உனக்குத்தான் காட்டுகிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்.