காப்பாரில் தாத்தாவின் கல்லறை

ஆடி அமாவாசை, 1984. இரவு.

குடும்ப வரலாறு எழுதுகிறேன் என்று கிளம்பியது என் தப்பு.

ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன தாத்தா அங்கேயே செத்துப்போனார் என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அப்பா கடலில் அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார். இன்று காலையும் இறைத்தார்.

மத்தியானம் காப்பார் எஸ்டேட் இடுகாட்டில் ஒரு கல்லறையில் தாத்தாவின் பெயரையும் ஊரையும் பார்த்தேன். இறந்த வருஷம் 1957. அப்போது எனக்கு ஏழு வயது. கல்லில் வெள்ளை புதிதாக அடித்திருந்தது.

புல் வெட்டிக்கொண்டிருந்த அக்கா சொன்னார்: "அவரு மவன் வருஷா வருஷம் வந்து வெள்ளையடிப்பாரு அண்ணே. ஒங்க ஜாடைதான் லா."

அப்பா தாத்தாவுக்கு ஒரே பிள்ளை. அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா எங்கே போனாய் என்று கேட்டார். காப்பார் என்று மட்டும் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"இந்த வருஷமும் கல்லுக்கு வெள்ளை அடிச்சிட்டானா?"

1957 வரை உயிரோடு இருந்தவருக்கு அப்பா எள் இறைத்திருக்கிறார். ஏழு வயதில் பக்கத்தில் நின்று நான் எள் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த அறையில் அப்பா இருமுகிறார். விளக்கை அணைக்க மனம் வரவில்லை.