கடலுக்கு அப்பாலும் அதே ராசா

மார்ச் 29, குருத்து ஞாயிறு, இரவு

உயிர்ப்புக்கு முந்தின பெரிய சனி இரவுப் பூசையில், எகிப்து ராசாவின் அடிமைச் சனம் தப்பியோடச் செங்கடல் பிளந்த வேத வாசகத்தை ஒவ்வொரு வருசமும் மகள் றீற்றாதான் வாசிப்பாள். இந்த முறை மாட்டாளாம். நகர நடுவில், டவுன்டவுன் பல்கலைக்கழகத்தில் எகிப்து அகழ்வாராய்ச்சி படிக்கிறாள்.

"அந்தச் சனம் நடந்ததுக்கு மணலுக்குள்ளை ஒரு தடயமும் இல்லை அப்பா," என்றாள், மெட்ரோவில் வரும்போது.

"ஓடிப்போற சனம் கல்லிலை பேர் வெட்டிப்போட்டே ஓடும்? சண்டைக்குள்ளை நாங்கள் மன்னாரிலையிருந்து வள்ளத்திலை தப்பிப் போனதுக்கு என்ன தடயம் கிடக்கு?"

சிரித்தாள். பிறகுதான் அதைச் சொன்னாள். "காலக்கணக்குப் பாத்தா, அவை போய்ச் சேர்ந்த கானான் நாடும் அப்ப எகிப்து ராசாவின்ரை கையிலைதான் அப்பா. அங்கையும் அவன்ரை காவல்தான்."

"அப்ப அவை எங்கை தப்பினவை?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். உங்களுக்கு வாசகம் மனப்பாடம்தானே, இந்தமுறை பூசையிலை நீங்களே சொல்லுங்கோ."

ஓம் என்றுவிட்டேன். எழுத்துக்கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும், ஆனால் காதில் விழுந்தது மறக்காது.

இப்போது கட்டிலில் இருந்தபடி சொல்லிப் பார்க்கிறேன். தண்ணீர் பிளக்கிறது. சனம் நடக்கிறது. துரத்தி வந்த ராசாவின் குதிரைகள் தாழ்கின்றன. கரையேறும் இடம் வந்ததும் வாய் நின்றுவிடுகிறது. அங்கேயும் அதே ராசாவின் காவல்காரன் நிற்கிறான். இத்தனை வருசமாக அவனை நான் கண்டதேயில்லை. சனிக்கிழமை, அவ்வளவு சனத்துக்கு முன்னால், அவனைத் தாண்டி எப்படிச் சொல்லி முடிப்பேனோ.