எஸ்தர், உன் ஊரில் போய் இருந்து பார்த்தேன்

என் அன்புக்கும் எரிச்சலுக்கும் உரிய எஸ்தருக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. சாயங்காலம் ஆறு மணியானால் இன்னும் என் கை ஃபோனைத் தேடுகிறது. அந்த நேரத்துக்கு வேறு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டுச் சேதி. செகந்திராபாத் மெட்டுகுடாவில் நான் வாடகைக்கு இருந்த வீடு போய்விட்டது. வீட்டுக்காரர் இடித்து அப்பார்ட்மென்ட் கட்டக் கொடுத்துவிட்டார். என் மகன் சுரேஷ் ஊரின் மேற்குப் பக்கத்தில், அவன் ஆபீசுக்குப் பக்கமாக, இருபத்திரண்டாவது மாடியில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். "அம்மா, உங்களுக்குத் தனி ரூம்மா, அட்டாச்டு பாத்ரூம்" என்றான். நல்ல பிள்ளைதான். ஆனால் தெருவில் யார் போகிறார்கள் என்று எட்டிப் பார்க்க முடியாத வீட்டில் நான் இருந்திருக்கிறேனா, நீயே சொல்லு.

அந்தச் சமயத்தில்தான் உன் மகள் பியூலா புனேவிலிருந்து கூப்பிட்டாள். "அத்தை, அம்மா வீடு பூட்டியே கெடக்கு. விக்க மனசு வரல. நீங்க ஒரு மாசம் போய் இருந்து பாருங்க. புடிச்சா இருங்க. புடிக்கலன்னா நக்கோ, வேணாம், சாவியப் பக்கத்து வீட்டு யாதம்மாகிட்ட குடுத்துட்டு வந்துடுங்க."

போனேன். ஊர்ப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் படிக்கிறவர்கள் ப்ளாட் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். செகந்திராபாத்தில் பாசஞ்சர் ஏறினால் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் சொல்வேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தும் இருக்கலாம், நீ கணக்கு டீச்சர் ஆயிற்றே. நீ அந்த ஊருக்குப் போன நாளிலிருந்து எனக்கு உன் மேல் பொறாமை. இருபத்தாறு வருஷம் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தோம். நம் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் லாலாகுடா ஒர்க்‌ஷாப்புக்கு ஒன்றாக சைக்கிளில் போனார்கள், ஒரு வருஷ இடைவெளியில் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போயும் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும்தான் என்று நான் நினைத்திருந்தேன். நீ ரிட்டயர் ஆன மூன்றாம் மாதம் ஒரு சின்ன ஊரில் வீடு பார்த்திருக்கிறேன் என்று வந்து நின்றாய். "ஆறு மாசத்துல திரும்பி ஓடி வருவே பாரு" என்றேன். நீ வரவே இல்லை.

ஃபோனில் தினமும் ஒரு பெருமை. இன்றைக்கு மதில் மேல் மயில் வந்து உட்கார்ந்தது. ஏரிக்கரை வரைக்கும் நடந்தேன். மாத்திரை போடாமல் தூங்கினேன். நான் மெட்ரோ தூணுக்குக் கீழே ஒரு காதைப் பொத்திக்கொண்டு "அப்படியா, சந்தோஷம்டி" என்பேன். அன்றைக்கு என் வீட்டு ரசத்தில் உப்பு கூடும். நாலு வருஷத்தில் இரண்டே தடவை வந்தேன், இரண்டு தடவையும் அன்றைக்கே திரும்பினேன். முழங்கால் வலி என்று சொன்னது பொய். என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

இந்தத் தடவை ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் விலாசம் சொல்ல வாயெடுத்தேன். பியூலா அனுப்பிய சாவியில் தொங்கிய உன் பழைய மரச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "எஸ்தர் டீச்சர் வீடா?" என்றார். அங்கே ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு யாதம்மா, பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் சோள ரொட்டி சுட்டு விற்கிறாளே அவள்தான், வாசலுக்கே வந்து, "டீச்சரோட தோஸ்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதோடு சரி. இரண்டு வாரம் அந்தத் தெருவில் ஒருத்தரும் என் பெயரைக் கேட்கவில்லை. மருந்துக் கடையில் டீச்சர் தோஸ்து. மாவு மில்லில் டீச்சர் தோஸ்து. தயிர்க்காரர் கேட்காமலே புளித்த தயிரை ஊற்றி, "டீச்சருக்கு இதான் புடிக்கும்" என்றார். எனக்குப் புளித்த தயிர் ஆகாது. வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாளே குரங்குகள் வந்தன. சமையலறை ஜன்னல் வலையைப் பிய்த்துக்கொண்டு பிரட்டையும் வாழைப்பழத்தையும் எடுத்துப் போய், மதில் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தபடியே தின்றன. நாலு வருஷமாக மயிலைச் சொன்னாயே எஸ்தர், ஒரு நாளாவது குரங்கைச் சொன்னாயா? யாதம்மா ஓடி வந்து கம்பைத் தட்டி விரட்டிவிட்டு, "டீச்சர் தமிழ்ல ரெண்டு வார்த்தை சொல்லும், அதுங்க போயிடும்" என்றாள். குரங்குகூட உன் பேச்சைக் கேட்டதாம்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். தூக்கம் வந்தது. ஏரிக்கரைக் காற்று உண்மைதான். எட்டு மணிக்குக் கடையெல்லாம் சாத்திவிடுகிறார்கள், கரண்ட் நினைத்தால் போகிறது. நான் என்ன காய் வாங்கினேன் என்று தெருமுனையில் இருப்பவளுக்குத் தெரிகிறது. எனக்கும் அவள் என்ன வாங்கினாள் என்று தெரிகிறது. அது எனக்குப் பிடித்திருந்தது என்று உன்னிடம் ஒத்துக்கொள்ளத்தான் கஷ்டமாக இருக்கிறது.

மூன்றாம் வாரம் தண்ணீர்ச் சண்டை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர். நம் தெருவுக்கு மட்டும் இருபது நிமிஷத்தில் வால்வை மூடிவிடுகிறார் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள். நான் குடத்தோடு போய் நடுரோட்டில் நின்றேன். என் தெலுங்கு உனக்குத் தெரியும். பாதி தெலுங்கு, பாதி குவார்ட்டர்ஸ் இந்தி. ஏன் என்று கேட்கக்கூட 'கைக்கு'தான் வாயில் வரும். "கைக்கு? எங்க தெருவுக்கு மட்டும் கைக்கு இருபது நிமிஷம்? அடுத்த தெருவுல இருக்கிறவங்க ரெண்டு வாயால குடிக்கிறாங்களா?" என்று கத்தினேன். அன்றைக்கு நாற்பது நிமிஷம் வந்தது. அடுத்த முறையும் வந்தது. குடத்தை இடுப்பில் வைத்தபடி எதிர்வீட்டுப் பெண் சொன்னாள்: "எஸ்தர் டீச்சர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்ல. தண்ணியும் ஒரு நாளும் முழுசா வந்ததில்ல."

அந்தப் பேச்சை மூன்று நாள் மனதுக்குள் ஓட்டி ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொள்ளாதே. அதுவரை அந்த ஊரில் எனக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான்.

அதையும் யாதம்மா கெடுத்தாள். ஒரு மத்தியானம் அவள் மாவு பிசைய, நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "இங்கதான் டீச்சர் வந்து உட்காரும். இதயத்துல வால்வு சரியில்ல, ஆப்ரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்ன அன்னிக்கும் இங்கதான் உட்கார்ந்துச்சு."

"எந்த டாக்டர்? எப்போ?" என்றேன்.

"போன வருஷம். டீச்சர் வேணாம்னுடுச்சு. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மகளுக்கும் சொல்லல."

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். தூக்கத்தில் போய்விட்டாய் என்றுதான் எட்டு மாதமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், எஸ்தர். ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அதுக்கு ஒரு தங்கச்சி உண்டு, வசந்தான்னு. 'வசந்தாவுக்குத் தெரிஞ்சா மறுநாளே ரயிலேறி வந்து என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவா, அவகிட்ட என்னால முடியாதுன்னு சொல்ல முடியாது'ன்னு சொல்லும். பெரிய தங்கச்சி! நாலு வருஷத்துல ரெண்டு தடவை வந்துட்டு ஓடிப் போச்சாம். நான் ரொட்டிக் கடையில இருந்துட்டேன், கண்ணால பாக்கல. பார்த்திருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்."

"கேளு," என்றேன். "நான்தான் வசந்தா."

அவள் நாலு வார்த்தை கேட்பதற்குப் பதில், மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். அதுதான் தாங்கவில்லை. அன்றைக்குச் சாயங்கால ரயிலிலேயே கிளம்பிவிட்டேன்.

சுரேஷ் வீட்டில் பதினோரு நாள். அந்த வீடு நன்றாகத்தான் இருக்கிறது. லிஃப்ட் சத்தமே போடுவதில்லை. அந்தப் பதினோரு நாளும் உன்னோடு சண்டை போட்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் நீ கஷாயம் போடுவாய். உன் நோயை ஒரு ரொட்டிக்காரியிடம் எப்படிக் கொடுத்தாய்? உன் மயிலும் ஏரியும் அவளோடு இருக்கட்டும், அந்த நோய் என்னுடையது இல்லையா? மயிலுக்குப் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை, இதற்குப் பட்டேன் பார்.

ஆனால் எனக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? நீ யாதம்மாவிடம் சொன்னபடியே உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பேன். நீ இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாய். இல்லாவிட்டால் ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய். இதில் எது என்று யார் சொல்வார்கள்?

பன்னிரண்டாம் நாள் பியூலாவைக் கூப்பிட்டு, வீட்டை வாடகைக்கு விடச் சொன்னேன்.

"ஏன் அத்தை, ஊர் புடிக்கலையா?"

"ஊர் புடிச்சிருக்கு. உங்கம்மா வீடு வேணாம்."

அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள். உன்னுடைய வீட்டில் இருந்தால் சாகும்வரை உன் தயிரைத்தான் சாப்பிட வேண்டும் என்று அவளுக்கு எப்படி விளக்குவது?

ஸ்டேஷன் ரோட்டில், விதை உரம் விற்கிற கடைக்கு மேல் மாடிப் போர்ஷன் பிடித்திருக்கிறேன். உர நாற்றம் படியேறி வருகிறது. மயில் இந்தப் பக்கம் வராது, குரங்கு வரும். ஆனால் பால்கனியில் நின்றால் ரயிலிலிருந்து இறங்குகிற ஒவ்வொருத்தர் முகமும் தெரிகிறது. சுரேஷ் வந்து எல்லாவற்றையும் பார்த்தான். "ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரம்மா" என்றான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவனோடு போய் செக்கப் செய்துகொள்வது என்று பேசி முடித்தோம்.

சாமான் இறக்கிய அன்றைக்குக் கடைக்காரர் மரியாதையாகக் கேட்டார், "உங்க பேரும்மா?" இந்த ஊரில் முதல் ஆளாக ஒருத்தர் கேட்கிறார். நிமிர்ந்து நின்று, "வசந்தா" என்றேன்.

"ஓ! எஸ்தர் டீச்சர் தங்கச்சி!" என்றார். யாதம்மா ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருக்கிறாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆமாம் என்று சொன்னேன்.

பொறாமையை விட்டுவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், அது என்னால் ஆகாது. வேறொன்று கொடுக்கிறேன். என் உடம்புக்கு ஏதாவது என்று டாக்டர் சொன்னால், அன்றைக்கே சுரேஷுக்கு ஃபோன் செய்வேன். அவன் வந்து இழுப்பான், நான் சண்டை போடுவேன், யார் ஜெயிப்பார்களோ தெரியாது. ஆனால் நீ எனக்குச் செய்ததை நான் என் பிள்ளைக்குச் செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி
வசந்தா