இமைக்குள் பார்க்கும் நிறம்

அக்கராயன்,
பங்குனி 8.

என் அன்பு மகள் கிருசாந்தினிக்கு,

ஆண்டவர் உன்னையும் மருமகன் நிரஞ்சனையும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் தன் நிழலில் வைத்திருக்கட்டும். நான் சுகமாக இருக்கிறேன். ஞானேஸ்வரி அக்காவின் மகன் வெள்ளிக்கிழமை லண்டனுக்குத் திரும்புகிறார். இந்தக் கடிதமும் ஒரு சிறு பார்சலும் அவர் கையில் வரும். தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். தொலைபேசியில் நீ "நல்லா இருக்கிறன் அம்மா" என்று சொன்னதும் எனக்கு அடுத்த கேள்வி மறந்துவிடுகிறது. கடிதத்தில் நீ என்னைக் குறுக்கே மறிக்க ஏலாது.

இங்கே அறுவடை முடிந்துவிட்டது. வீதியில் பாதிக்கு நெல் காய்கிறது. கிளினிக்குக்கும் வீடுகளுக்கும் போகையில் மோட்டார் சைக்கிளை வளைத்து வளைத்து ஓட்ட வேண்டியிருக்கிறது. தண்ணீரூற்றில் நம் வீட்டின் ஓடுகளைக் கிறிஸ்ரி மாமா மாற்றித் தந்திருக்கிறார். நான் நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு அங்கே போகவில்லை. போனால் உன் அறையைத் திறந்து கூட்ட வேண்டும். கிளினிக்கோடு தந்த இந்த விடுதியே எனக்குப் போதும். இங்கே இரண்டு கதிரை இருக்கிறது. ஒன்றில் நான், மற்றதில் என் கைப்பை.

போன கிழமை நீ பேசும்போது இரத்தம் கொஞ்சம் குறைவாம், இரும்புச்சத்துக் குளிசை தந்திருக்கினம் என்றாய். ஆசியப் பெண்களுக்கு இது வழமைதான், யோசிக்க வேண்டாம் என்று அங்குள்ள தாதி சொன்னாவாம். சொன்ன மூச்சிலேயே பனி கொட்டுகிறது என்று கதையை மாற்றினாய். நானும் பனியைப் பற்றி ஏதோ கேட்டேன். ஆனால் 'வழமை' என்ற அந்தச் சொல் அன்று முழுவதும் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி இருந்து வந்தது. அது எனக்குப் பழக்கமான சொல்.

இங்கே நிசாந்தினி என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். உன் வயது. அவளுக்கு இதுதான் தலைப்பிள்ளை. கணவன் அஜந்தன் கொழும்பில் கட்டட வேலை. தாய் வீரம்மா, கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வந்த குடும்பத்தில் வளர்ந்தவர். இப்போது வயல் கூலிக்குப் போகிறார். பதினொன்றாவது இருக்க வேண்டிய நிசாந்தினியின் இரத்த அளவு எட்டுக்கு வந்துவிட்டது. அந்த அளவோடு பிள்ளை பெறுவது எவ்வளவு ஆபத்து என்று ஒரு மிட்வைஃபின் மகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் மாதக் கூட்டத்தில் தாய்மாரின் இரத்த அளவை இனம் பிரித்துத் திரையில் காட்டுவார்கள். மலையகத்தில் இருந்து வந்தவர்களின் கோடு கீழே நிற்கும். மற்றத் தமிழ்த் தாய்மாரின் கோடு அதற்கு மேலே. "அவையின்ர உடம்பு அப்பிடி" என்பார் ஒருவர். "குளிசையைக் கோழிக்கு எறிஞ்சுபோட்டு எங்களுக்குப் பொய் சொல்லுவினம்" என்பார் இன்னொருவர். எல்லோரும் சிரிப்பார்கள். கரையில் பிறந்த எனக்குச் சிரிப்பு வராது. என் அப்பா கடலில் இருந்து கொண்டுவந்த மீனைத் தின்று வந்த இரத்தம் என்னுடையது. நிசாந்தினியின் ஒழுங்கைக்குள் மீன்காரர் வருவதேயில்லை, சந்தியோடு திரும்பிவிடுவார். அந்த வீட்டுக் கோழி இடுகிற முட்டை கடைக்குப் போகும். கிளினிக்கில் தாய்க்கென்று கொடுக்கிற திரிபோசாச் சத்துமாவை வீடு முழுவதும் பங்கிட்டுச் சாப்பிடும். திரையில் இது எதுவும் தெரியாது.

ஆனால் குளிசை ஏன் வேலை செய்யவில்லை என்பது எனக்கும் விளங்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். நிசாந்தினி எனக்கு முன்னாலேயே தண்ணீரோடு குளிசையை விழுங்கினாள். விழுங்கியதும் குமட்டியது. வீரம்மா ஓடிப்போய்ப் பெரிய கோப்பை நிறையக் கடும் சாயத் தேத்தண்ணி கொண்டுவந்து, மகளின் உள்ளங்கையில் சீனியும் போட்டார். தேத்தண்ணியோடு குளிசை போட வேண்டாம் என்று கிளினிக்கில் சொன்னேனே என்று கேட்டேன். "தேத்தண்ணியோட இல்லங்க மிஸ், தண்ணியோடதான். தேத்தண்ணி அதுக்குப் பொறவுதான்" என்றார் வீரம்மா. நான் சொன்னதை அந்த வீடு சொல் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறது. பிறகு எவ்வளவு நேரம் குடிக்கக் கூடாது என்பதைத்தான் நான் சொல்லவில்லை. தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது.

நான் அவசரத்தில் கோப்பையைக் கையால் தள்ளிவிட்டேன். வீரம்மாவின் முகம் இறுகிவிட்டது. "முந்தி வந்த மிஸ் வாசல்லயே நிப்பாங்க. தேத்தண்ணி குடுத்தா வயிறு சரியில்லம்பாங்க. நீங்கதான் ஒக்காந்து குடிச்சீங்க. இப்ப எம்புள்ளயவே குடிக்க வேணாங்கிறீங்க. எங்க தேத்தண்ணி என்னாங்க, வெசமா?" என்று கேட்டார். நான் சொன்ன விளக்கம் ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. ஒரு வீட்டில் தேத்தண்ணியை மறுப்பது அந்த வீட்டையே தள்ளிவைப்பதற்குச் சமம் என்று அவர்கள் பலமுறை பட்டு அறிந்தவர்கள். அடுத்த கிளினிக்குக்கு நிசாந்தினி வரவில்லை. "பாத்தீங்களோ மிஸ், அந்த ஆக்கள் அப்பிடித்தான்" என்றார்கள் கிளினிக்கில்.

ஞாயிறு பூசை முடிந்து, சீருடை இல்லாமல், கையில் தேசிக்காயோடு போனேன். வீரம்மா உள்ளே வரச் சொல்லவில்லை. நானாகப் போய் இருந்து, எனக்குத் தேத்தண்ணி வேணும் அக்கா, ஆனால் இப்ப வேண்டாம் என்றேன். உங்கட மகள் இப்ப தேசிப்புளித் தண்ணியோட குளிசை போடட்டும், புளி இரும்பைச் சேரவைக்கும், அவளுக்கு எப்ப தேத்தண்ணி குடிக்கலாமோ அப்ப எனக்கும் தாங்கோ, அதுவரை நானும் குடிக்காமல் இருக்கிறன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கேத்திலை அடுப்பில் இருந்து இறக்கிவைத்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மூன்று பேரும் தேத்தண்ணி இல்லாமல் இருந்தோம். வீரம்மா தோட்டத்துக் கதைகள் சொன்னார். தான் சின்னனில் மூக்கொழுகத் திரிந்ததற்குக் கங்காணி வெருட்டிய கதையைச் சொல்ல, நிசாந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குடித்த அந்தத் தேத்தண்ணியைப் போல ஒன்றை நான் நெடுநாளாகக் குடிக்கவில்லை. யாருடனாவது சேர்ந்திருந்து குடித்ததே நெடுநாளுக்குப் பிறகுதான், மகள்.

ஆறு கிழமைக்குப் பிறகு இப்போது அவளுக்குப் பத்துக்கு மேல். நேற்று அவளின் கீழிமையைத் தாழ்த்திப் பார்த்தேன், முன்பு வெளிறிக் கிடந்த உள்பக்கத்தில் இளஞ்சிவப்பு ஊறியிருந்தது. "எங்க ஆளுகளுக்கு ரத்தமே இல்லைன்னாங்களே மிஸ், இது யாரோட ரத்தமாம்?" என்று வீரம்மா கேட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இனி உன்னிடம் வருகிறேன். நீ குளிசை போட்ட கையோடு பால் தேத்தண்ணி ஊற்றுவாய். எனக்குத் தெரியும், அது என்னிடம் பழகியது. தவக்காலம் என்று மீன் மச்சத்தையும் விட்டிருப்பாய், சின்னனில் இருந்தே அப்படித்தான். பிள்ளைத்தாச்சிக்கு அந்தக் கடமை இல்லை. பங்குச் சுவாமியிடமும் கேட்டேன். "மார்கிறட், மகளை மீன் சாப்பிடச் சொல்லும், பாவமெண்டால் அதை என்ர தலையில போடும்" என்று சிரித்தார். பார்சலில் நெத்தலிக் கருவாடும் முருங்கையிலைத் தூளும் இருக்கின்றன. அந்தத் தாதி அடுத்தமுறை வழமை என்று சொன்னால், ஏன் வழமை என்று மரியாதையாகக் கேள். பதில் வரும்வரை கதிரையை விட்டு எழும்பாதே. முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபோது நீ எனக்குச் சொல்லவில்லை, பிறர் சொல்லித்தான் அறிந்தேன். ஏன் என்று நான் கேட்கமாட்டேன்.

ஒன்று மட்டும் செய். பகலில் யன்னலுக்குக் கிட்ட வந்து நில். மேலே பார்த்தபடி கீழிமையை மெல்லத் தாழ்த்தி, ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் கை நடுங்கினால் நிரஞ்சன் தாழ்த்திப் பிடிக்கட்டும். நகம் வெட்டிய பிறகு தொடச் சொல். இங்கே வீடு வீடாகப் போய் ஊரார் பிள்ளைகளின் கண்களுக்குள் பார்க்கிறேன். உன் கண்ணைப் பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மடுமாதா உன்னோடு இருப்பாராக. இங்கிருந்தபடியே உன் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுகிறேன்.

உன் படத்துக்குக் காத்திருக்கும்
அம்மா,
மார்கிறட்